அடிக்க மாட்டோம், சொல்!
செல்போனில் சிக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு வழி

வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் பிள்ளை என்ன செய்யும்?

"அம்மா!" என்று கத்தும். அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள்.

அதே திருடன் செல்போன் வழியாக நுழைந்தால்?

பிள்ளை கத்தாது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழும். பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்குக்கூடத் தெரியாது.

ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் கண்டுபிடிக்காத வரையில், பள்ளிக்கூடங்களில் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் பயன் இல்லை.

பள்ளிக்கூடமே கொடுத்த செல்போன்

ஒரு காலத்தில், செல்போனோடு வகுப்புக்கு வரும் மாணவனிடம் இருந்து ஆசிரியர் அதைப் பிடுங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டுவார். தகப்பனார் நேரில் வந்து கெஞ்சித்தான் வாங்கிப் போகவேண்டும்.

2020-ம் வருஷம் மார்ச் மாதம் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. "செல்போன் கொண்டு வராதே" என்று சொன்ன பள்ளிக்கூடமே, "செல்போனில் பாடம் படி" என்றது.

வசதி உள்ளவர்கள் புது போன் வாங்கினார்கள். இல்லாதவர்கள் கடன் பட்டு வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1-ந் தேதி 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகள் மறுபடியும் திறந்தன. நவம்பர் 1-ந் தேதி சின்ன வகுப்புகளும் திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். செல்போன் மட்டும் கடைக்குத் திரும்பவில்லை!

மகனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தகப்பன், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறான். விழுந்தால் தூக்குகிறான். செல்போன் வாங்கிக் கொடுத்தவர்கள் அப்படி ஓடினார்களா? இல்லை. கையில் கொடுத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"கூடாது, கூடாது!"

இப்போது பல பள்ளிக்கூடங்களில் இதைப்பற்றிச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். போலீஸ் அதிகாரி ஒருவர் வருகிறார். மாணவ மாணவிகளை மைதானத்தில் உட்கார வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் பேச்சு நடக்கிறது.

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது. ஓ.டி.பி. நம்பரைக் கொடுக்கக்கூடாது. முகம் தெரியாதவனோடு பேசக்கூடாது. போட்டோ அனுப்பக்கூடாது. வீட்டு விலாசத்தைப் போடக்கூடாது.

எல்லாம் சரியான புத்திமதி. ஒன்றுகூடத் தப்பு இல்லை. ஆனால், ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி, போன வாரமே போட்டோவை அனுப்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் காதில் இந்தப் பேச்சு எப்படி விழும்?

"நீ தப்பு செய்துவிட்டாய்" என்று விழும். "இனிமேல் யாரிடமும் வாயைத் திறக்காதே" என்று விழும்.

அவளைக் காப்பாற்ற நடந்த கூட்டம், அவள் வாயைப் பூட்டிவிட்டது!

மோசக்காரனின் மூலதனம்

பிள்ளைகளைச் சிக்கவைக்கும் ஆசாமி எப்படி வருகிறான்?

முகம் தெரியாதவனோடு பேசக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால், அவன் முகம் தெரியாதவனாக வருவதே இல்லை. இன்ஸ்டாகிராமில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண் போல வருகிறான். செல்போன் விளையாட்டில் கூட விளையாடும் பையனாக வருகிறான். பத்து நாள் விளையாடிய பிறகு அவன் சிநேகிதன் ஆகிவிடுகிறான். அப்புறம் அவன் எப்படி முகம் தெரியாதவன் ஆவான்?

முதலில் புகழுகிறான். "உன் படம் அழகாக இருக்கிறது" என்கிறான்.

அடுத்து அனுதாபம் காட்டுகிறான். அம்மா திட்டினாலும், மார்க்கு குறைந்தாலும் அவனிடம் சொல்லி அழலாம். நடுராத்திரியிலும் பதில் போடுகிறான்.

பிறகு ரகசியம். "நாம் பேசுவது வேறு யாருக்கும் தெரியவேண்டாம்" என்கிறான்.

அதன்பிறகு ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்ததும் ஆள் மாறிவிடுகிறான். "இன்னும் அனுப்பு. இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு இதை அனுப்பிவிடுவேன்" என்கிறான்.

இந்தக் கடைசி வார்த்தையைக் கவனிக்க வேண்டும். அவன் கத்தியைக் காட்டவில்லை. துப்பாக்கியைக் காட்டவில்லை. அப்பாவைக் காட்டுகிறான்!

தகப்பனுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று பிள்ளை நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான் அவனுடைய மூலதனம். அது இல்லாவிட்டால் அவன் வியாபாரம் அன்றே படுத்துவிடும்.

பையன்களும் தப்பவில்லை. விளையாட்டில் "காசு" வாங்குவதற்காக அம்மாவின் வங்கிக் கணக்கில் கை வைத்த பையன், மாட்டிக்கொள்வோமே என்று பயந்து, அதைச் சரிக்கட்ட இன்னொரு மோசக்காரனின் பேச்சை நம்புகிறான். ஒரு தப்பை மறைக்க ஒன்பது தப்பு.

பொள்ளாச்சி சொன்ன பாடம்

2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டையே உலுக்கிய வழக்கு ஒன்று வெளியே வந்தது. பொள்ளாச்சி வழக்கு.

பெண்களோடு சிநேகமாகப் பழகி, தனி இடத்துக்கு வரவழைத்து, பலாத்காரம் செய்து, அதை செல்போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டி வந்தது ஒரு கும்பல்.

அந்தக் கும்பலின் குட்டு எப்படி உடைந்தது? சி.பி.ஐ. கண்டுபிடித்ததா? இல்லை. சி.பி.ஐ. பிறகுதான் வந்தது. கல்லூரி மாணவி ஒருவர் தன் வீட்டாரிடம் சொன்னார். வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள். போலீசில் புகார் கொடுத்தார்கள். அங்கேதான் உடைந்தது.

2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் நஷ்ட ஈடு.

ஒரு பெண் வாய் திறந்தார். ஒரு வீடு அவரை நம்பியது. 9 பேர் சிறைக்குப் போனார்கள்.

இதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அரசாங்க உத்தரவிலேயே வெளியாகிவிட்டது! ஐகோர்ட்டின் மதுரை கிளை இதைக் கண்டித்தது. அந்தப் பெண்ணுக்கு ரூ.25 லட்சம் கொடுக்கும்படி அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது.

பெரியவர்கள் இப்படி நடந்துகொண்டால், சிறு பெண்கள் எதை நம்பி வாய் திறப்பார்கள்?

பிடுங்கிவிட்டால் போதுமா?

"செல்போனைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு.

ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைக்கக்கூடாது என்ற சட்டம் அங்கே 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. சட்டத்தை மீறினால் பிள்ளைக்குத் தண்டனை இல்லை. பெற்றோருக்கும் இல்லை. கம்பெனிக்குத்தான் அபராதம். 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரையில் போடலாம்.

கம்பெனிகளின் கையைக் கட்டுவது நல்லதுதான். இந்தியாவிலும் 2023-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் சொந்த விவரங்களை வாங்குவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனால், சட்டம் வாசல் வரைதான் வரும். வீட்டில் போன் இல்லாவிட்டால் பிள்ளை சிநேகிதியின் போனைக் கேட்கும். சித்தப்பாவின் போனை எடுக்கும். பிறந்த தேதியை மாற்றிப் போடும். அப்போது சிக்கிக்கொண்டால், இரண்டு பயம்! சிக்கியதற்கு ஒன்று, திருட்டுத்தனமாகப் பார்த்ததற்கு ஒன்று.

கிராமத்தில் கிணறு இருக்கிறது. பிள்ளை விழுந்துவிடுமே என்று யாராவது கிணற்றைத் தூர்த்தார்களா? கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தகப்பனே தண்ணீரில் இறங்கி, நீச்சல் பழக்கினான்.

சட்டம் கைப்பிடிச் சுவர். நீச்சல் பழக்கவேண்டியது வீடும் பள்ளிக்கூடமும்.

"கண்டிக்கவே கூடாதா?"

பெற்றோர்கள் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடியாத மாடு படியாது என்று வளர்ந்த நாடு இது.

கிணற்றில் பிள்ளை விழுந்துவிட்டால் தகப்பன் என்ன செய்கிறான்? கரையில் நின்றுகொண்டு, "ஏன் விழுந்தாய்? சொன்னேனே, கேட்டாயா?" என்று திட்டுகிறானா? முதலில் குதித்துத் தூக்குகிறான். தலை துவட்டுகிறான். கண்டிப்பதெல்லாம் பிறகு.

செல்போன் விஷயத்திலும் அந்த வரிசைதான் வேண்டும். முதலில் தூக்குங்கள். பிறகு புத்தி சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதியையும் பெற்றோர்கள் மறந்துவிடக்கூடாது. இப்போது ஏ.ஐ. என்னும் செயற்கை அறிவு வந்திருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று போதும். அந்த முகத்தை வைத்து ஆபாசப் படம் தயாரித்துவிடுகிறார்கள். குரலையும் அப்படியே செய்துவிடுகிறார்கள்.

அதாவது, ஒரு தப்பும் செய்யாத பெண்ணையும் மிரட்ட முடியும். "நீ அனுப்பாமல் இது எப்படி வந்தது?" என்று தாய் தகப்பன் அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அந்தப் பெண் எங்கே போவாள்?

பிள்ளை சொன்னால் என்ன செய்வது?

சொன்னவுடன் பெற்றோர்கள் செய்யவேண்டியவை சில உண்டு.

முதல் வார்த்தை, "நல்ல வேளை, சொன்னாய்" என்று இருக்கட்டும்.

கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடாது. மிரட்டல் செய்தி, போன் நம்பர், கணக்கின் பெயர் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவேண்டும். கேஸ் நிற்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு அவன் கணக்கைத் தடுத்துவிடலாம்.

பணம் கொடுக்கக்கூடாது. ஒரு தடவை கொடுத்தவனிடம் மறு தடவையும் கேட்பான். பேரம் பேசவும் கூடாது.

பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யவேண்டும். இங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். திருடன் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால், வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். பயந்துகொண்டு மூன்று நாள் கழித்துச் சொல்லும் பையன், அந்த மூன்று நாளையும் திருடனுக்குக் கொடுத்துவிடுகிறான்.

குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098. பிள்ளையே பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் நம்பர் 14417. மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் எழுதலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம் பற்றிய புகாரானால், பெயரைச் சொல்லாமலும் எழுதலாம்.

படம் பரவிவிடுமோ என்ற பயமா? அதற்கும் ஒரு வழி உண்டு. "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவையை அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று 2023-ல் தொடங்கியது. 18 வயதுக்கு உட்பட்ட வயதில் எடுத்த படத்துக்கு இது பயன்படும். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் "கைரேகை" போன்ற ஒரு எண்ணை மட்டும் செல்போனே கணக்கிட்டு அனுப்புகிறது. இதில் சேர்ந்திருக்கும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற கம்பெனிகள், அந்த எண்ணோடு பொருந்தும் படம் தங்களிடம் வந்தால் நீக்கிவிட முடியும்.

போலீஸ் என்றால் பயப்பட வேண்டாம்

"போலீசுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும்" என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் "போக்சோ" சட்டம் 2012-ல் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?

பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்கவேண்டும். கூடுமான வரையில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் வாங்கவேண்டும். அவர் போலீஸ் உடையில் வரக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ராத்திரியில் போலீஸ் நிலையத்தில் வைக்கக்கூடாது. பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது.

சட்டத்தில் இவ்வளவு தூரம் பிள்ளைக்குப் பரிவு காட்டியிருக்கிறார்கள். வீட்டில் அதில் பாதியாவது வேண்டாமா?

பரப்புகிற பையனுக்கும் பாடம்

இதுவரையில் சிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. இன்னொரு பிள்ளை இருக்கிறான். வகுப்புத் தோழியின் படம் அவனுக்கு வந்து சேர்கிறது. சிரித்துக்கொண்டே நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறான். விளையாட்டு என்று நினைக்கிறான்.

அது விளையாட்டு அல்ல, குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி முதல் தடவையே 5 வருஷம் வரை சிறையும் ரூ.10 லட்சம் வரை அபராதமும் போட இடம் உண்டு.

பரப்பாமல் செல்போனில் வைத்திருந்தால்? சென்னையில் அப்படி ஒரு வழக்கு வந்தது. 2024 ஜனவரியில் ஐகோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. இத்தகைய படத்தை அழிக்காமலும், புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றம் ஆகலாம் என்று தீர்ப்பு சொன்னது.

பெண்களுக்கு மட்டும் புத்திமதி சொல்லி அனுப்பும் பள்ளிக்கூடங்கள், பையன்களைக் கூப்பிட்டு இதையும் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு ஒரு கூட்டம் போதாது. வாரத்துக்கு ஒரு பாடவேளை வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே ஒரு பாடம் போதும்: "பயமாக இருந்தால், ஓடி வந்து சொல்."

ஆறாம் வகுப்பில், எதை ஊருக்குச் சொல்லலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லித் தரலாம். மோசக்காரன் பேசும் பேச்சை இரண்டு பிள்ளைகளை வைத்து நாடகமாக நடிக்கச் சொல்லலாம். "எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது?" என்று வகுப்பைக் கேட்கலாம். கேட்டு மறக்கும் புத்திமதியைவிட, நடித்துப் பார்த்தது மனதில் நிற்கும்.

ஒன்பதாம் வகுப்பில் சட்டத்தைச் சொல்லித் தரலாம். போலிப் படம் எப்படித் தயாராகிறது என்று காட்டலாம்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியை ஒருவரை இதற்கென்று வைக்கவேண்டும். அவரிடம் சொன்னால் ஆசிரியர்கள் அறையில் அது பேச்சுப் பொருளாகக்கூடாது. போக்சோ குற்றமானால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. அதைப் பிள்ளைக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, கூடவே நிற்கவேண்டியதும் அவர் கடமை.

பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. "உங்கள் பிள்ளை தப்பு செய்தால், முதலில் யாரிடம் வந்து சொல்லும்?" என்று ஒவ்வொரு தாய் தகப்பனையும் கேட்கவேண்டும். பதில் சொல்லத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும்.

இன்றே சொல்லுங்கள்

இதற்குப் பணம் வேண்டாம். கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யலாம்.

எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். சாப்பிட உட்காரும்போது பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்லுங்கள்:

"செல்போனில் யாராவது உன்னை மிரட்டினால், நீ தப்பே செய்திருந்தாலும், எங்களிடம் வந்து சொல். அடிக்க மாட்டோம். படிப்பை நிறுத்த மாட்டோம். ஊருக்குச் சொல்ல மாட்டோம். உன் பக்கம் நிற்போம்."

ஒரு தடவை சொன்னால் பிள்ளை நம்பாது. மாதம் ஒரு தடவை சொல்லுங்கள். சின்னத் தப்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டு வரும்போது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள். அதைப் பார்த்துத்தான், பெரிய விஷயத்தைச் சொல்லலாமா, வேண்டாமா என்று அது முடிவு செய்கிறது.